எதிர் அறையில் ஒரு தொழில்துறை

உலக உயர்கல்வியின் வருங்காலம் எங்கே தீர்மானிக்கப்படுகிறது என்று கேட்டால், விவரம் தெரியாதவர்கள் லண்டனைச் சொல்வார்கள், பாஸ்டனைச் சொல்வார்கள். விவரம் தெரிந்தவர்கள் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்தின் கெலாங் பாத்தாவில் ஒரு டோபிக் கடையின் மாடியைக் காட்டுவார்கள். காசு போட்டால் தானே துணி துவைத்துக் கொடுக்கும் இயந்திரங்கள் கீழே. பட்டதாரிகளை முதுகலைக்குத் தகுதியாக்கிக் கொடுக்கும் 'மெரிடியன் உலகளாவிய மேற்கல்வி ஆயத்த மையம்' மேலே. கீழே உள்ள இயந்திரங்களைப் பற்றி ஊரில் அவ்வப்போது குறை எழுவதுண்டு. மேலே உள்ளதைப் பற்றி இன்றுவரை ஒரு குறையும் எழுந்ததில்லை. ஏன் எழுந்ததில்லை என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

அந்தப் புகழ்பெற்ற மாடியில், ஒரு திங்கட்கிழமை காலை, கவின் என்ற மாணவன் மிகச் சின்னக் கேள்வி ஒன்றுக்கு விடை தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தான்.

கவின் ஈரோட்டுக்காரன். அவன் வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் சாயப்பட்டறைகளின் தயவால் ஒரு வாரம் சிவப்பாகவும் மறுவாரம் ஊதாவாகவும் ஓடும். அந்தத் தண்ணீரைத் தண்ணீர் நிறத்துக்கே கொண்டுவர வேண்டும் என்பதற்காகத்தான் அவன் பொறியியல் படித்தான். அதற்காகத்தான் முதுகலையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு படிக்க ஆசைப்பட்டான். முதுகலைக்கு நேராகப் போய்விடக்கூடாது, முதலில் 'ஆயத்தம்' ஆக வேண்டும் என்று ஊரில் ஒரு முகவர் சொன்னதால் மெரிடியனுக்கு வந்து சேர்ந்தான். இப்போது ஜொகூரிலேயே உள்ள ஒரு பல்கலைக்கழகம் அவனுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. வெள்ளிக்கிழமை நேர்முகத் தேர்வு. "நீங்கள் தற்போது பயிற்சி பெறும் நிறுவனம் என்ன தயாரிக்கிறது, அதில் உங்கள் பங்கு என்ன என்று ஐந்து நிமிடம் பேச ஆயத்தமாக வரவும்."

சின்னக் கேள்விதான். ஆனால் கவினுக்கு அந்த நிறுவனம் என்ன தயாரிக்கிறது என்று தெரியவில்லை. அங்கே அவன் பல மாதங்களாக வேலை பார்க்கிறான்.

இந்த மின்னஞ்சல் வந்ததே ஒரு விபத்து. மையத்தில் 'விண்ணப்ப ஆயத்தம்' என்றொரு சான்றிதழ்ப் படிப்பு உண்டு. அது நுட்பமான படிப்பு. மாணவர்கள் உண்மையான பல்கலைக்கழகத்தின் உண்மையான இணையப் பக்கத்தைத் திறந்து, உண்மையான பெயரையும் மதிப்பெண்களையும் நிரப்பி, சான்றிதழ்களை இணைக்க வேண்டும். கடைசியில் 'சமர்ப்பி' என்று ஒரு பொத்தான் வரும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அந்தப் பொத்தானை அழுத்துவது மூன்றாம் நிலைப் பாடம். மூன்றாம் நிலைக்கு இன்னும் பாடத்திட்டம் எழுதப்படவில்லை. ஆகவே எல்லோரும் நிரப்புவார்கள், காட்டுவார்கள், 'மிக நன்று' வாங்குவார்கள், பக்கத்தை மூடிவிடுவார்கள். மறுவாரம் மறுபடி நிரப்புவார்கள். கவினும் அப்படியே செய்துகொண்டிருந்தான். ஒரு நாள் குளிர்சாதனக் காற்று மூக்கில் ஏறித் தும்மினான். விரல் அழுந்திவிட்டது.

"அலமாக், ஐயோ, அமுக்கிட்டியா?" என்றாள் லோஷினி, திங்கட்கிழமை அந்த மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு. அவள் மையத்தின் பயிற்சி ஒருங்கிணைப்பாளர். செடெனாக்கிலிருந்து தினமும் கார் ஓட்டி வருகிறவள்.

"தும்மிட்டேனுங்க்கா."

"தும்முறவங்க மௌஸ்லேர்ந்து கைய எடுத்துட்டுத் தும்மணும் லா. ஓரியன்டேஷன்ல சொன்னோம்தானே?"

"சொல்லலைங்க்கா."

"சரி, அடுத்த பேட்ச்சுக்குச் சொல்லிடுறேன்."

"அக்கா, நம்ம கம்பெனி என்னங்க்கா தயாரிக்குது?"

"எந்தக் கம்பெனி?"

"நான் இன்டர்ன்ஷிப் பண்ற கம்பெனிங்க்கா."

"ஓ, எதுத்தாப்புல உள்ளதா." லோஷினி பேனாவைக் கன்னத்தில் வைத்து யோசித்தாள். "நான் இந்தப் பக்கத்து ஸ்டாஃப் தம்பி. அங்க போனா பூட்ஸ் போடணும். எனக்குக் கால் கடிக்கும். நீ பாஸையே கேளு."

'எதுத்தாப்புல' என்று லோஷினி சொன்னதை விளக்க வேண்டும். அதில்தான் மெரிடியனின் மேதைமை அடங்கியிருக்கிறது.

ஆரம்பக் காலத்தில் மையத்தின் இயக்குநர் டாக்டர் சதாசிவம் தம் மாணவர்களுக்குப் பயிற்சி இடம் தேடி ஜொகூர் முழுவதும் அலைந்தார். எந்தத் தொழிற்சாலையும் அசையவில்லை. பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை மட்டும் மனமிரங்கி இரண்டு பேரை எடுத்துக்கொண்டது. இருவரும் தலைமைத்துவச் சான்றிதழ் பெற்றவர்கள். போன முதல் நாளே மாவு பிசைகிறவர்களை வட்டமாக உட்கார வைத்து, 'உங்களுக்குள் உறங்கும் தலைவரை எழுப்புங்கள்' என்று பயிலரங்கு நடத்தினார்கள். மாவு புளித்துப் போனது. இருவரும் மதிய உணவுக்கு முன்பே திரும்பி வந்துவிட்டார்கள்.

சாதாரண மனிதராக இருந்தால் அத்தோடு மனம் உடைந்திருப்பார். டாக்டர் சதாசிவம் எதிர் அறையை வாடகைக்கு எடுத்தார். மாணவனைத் தொழில்துறைக்கு அனுப்ப முடியாவிட்டால் தொழில்துறையை மாணவனிடம் அழைத்துவர வேண்டியதுதானே. அறையின் கதவில் 'மெரிடியன் இண்டஸ்ட்ரீஸ்' என்று பலகை மாட்டினார். அன்றிலிருந்து நடைவழியின் இந்தப் பக்கக் கதவு கல்வி, அந்தப் பக்கக் கதவு தொழில்துறை.

இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் அல்லவா. கல்விக்குள் வருகிறவர்கள், நம் ஊர் வீடுகளில் செய்வதுபோல, செருப்பை வாசலில் கழற்றிவிட வேண்டும். தொழில்துறைக்குள் போகிறவர்கள் இரும்பு மூக்கு வைத்த பாதுகாப்பு பூட்ஸும் மஞ்சள் தலைக்கவசமும் அணிய வேண்டும். நடைவழியில் அதற்காகவே ஒரு நீள பெஞ்சு. சிங்கப்பூருக்குப் போகிற இரண்டாவது பாலத்தில் காலையில் எவ்வளவு நெரிசலோ அவ்வளவு நெரிசல் அந்த பெஞ்சிலும் இருக்கும். எல்லோரும் குனிந்து கயிறு கட்டுவார்கள், எழுந்து தலைக்கவசத்தைச் சரிசெய்வார்கள், இரண்டு எட்டு வைத்துத் தொழில்துறைக்குள் நுழைவார்கள். ஒருமுறை அந்த அறையின் மேற்கூரைச் சுண்ணாம்பு பெயர்ந்து ஒரு தலைக்கவசத்தின்மேல் விழுந்தது. தலைக்கவசத்தின் அவசியம் மெய்ப்பிக்கப்பட்டதாக அறிவித்து, டாக்டர் சதாசிவம் அங்கிருந்த அனைவருக்கும் 'பணியிட அபாய அனுபவம்' சான்றிதழ் வழங்கினார்.

உள்ளே என்ன நடக்கிறது? மிகுந்த வேலை நடக்கிறது. வருகைப் பிரிவில் உள்ள பயிற்சியாளர்கள் மற்றப் பயிற்சியாளர்கள் வந்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். வருகைப் பிரிவு சரியாகப் பார்க்கிறதா என்று மதிப்பீட்டுப் பிரிவு பார்க்கும். மதிப்பீட்டுப் பிரிவு நியாயமாக மதிப்பிடுகிறதா என்று தர உறுதிப் பிரிவு பார்க்கும். கவின் தர உறுதிப் பிரிவு. அவன் வந்திருக்கிறானா என்று வருகைப் பிரிவு பார்க்கும். கடிகாரத்துக்குள் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்துச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஓர் அழகு. கடிகாரத்தில் ஒரு முள்ளும் இருக்கும் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

கவின் இயக்குநரின் அறைக்குப் போனான். டாக்டர் சதாசிவம் கழுத்துப்பட்டை கட்டி, காலில் ஒன்றும் போடாமல், மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தார்.

"கவின், 'என்ன தயாரிக்கிறோம்'ங்கிறது போன நூற்றாண்டுக் கேள்வி."

"இந்த நூற்றாண்டுக் கேள்வி என்னங்க சார்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் நாம இருக்கோம்."

"வெள்ளிக்கிழமை இன்டர்வியூங்க சார். அவங்க போன நூற்றாண்டுக் கேள்வியத்தான் கேட்டிருக்காங்க."

இயக்குநரின் முகத்தில் கவலை படர்ந்தது. "அதுதான் எனக்கும் வருத்தம். நீ இன்னும் ரெடி இல்ல. இன்டர்வியூக்குப் போறதுக்கு முன்னால 'இன்டர்வியூ ஆயத்தம்' முடிக்கணும். அதுக்கு முன்னால 'தன்னம்பிக்கை' முடிக்கணும். தன்னம்பிக்கைல உனக்குப் போன தடவ என்ன வந்துச்சு?"

"தெரியலைங்க சார்."

"பாத்தியா. தன்னம்பிக்கை இருந்தா இப்படிச் சொல்லுவியா? அவங்களுக்கு ஒரு மெயில் போடு, அடுத்த வருஷம் வரேன்னு."

"இடம் போயிருங்க சார்."

"இடம் எங்கப்பா போகும், அது கட்டடம்." ஆயினும் இயக்குநர் கேள்விகளை மதிக்காதவர் அல்லர். கவினின் ஐயத்தைத் தீர்க்க 'தயாரிப்புக் கண்டறியும் சிறப்புப் பணிக்குழு' ஒன்றை அங்கேயே அமைத்தார்.

பணிக்குழு புதன்கிழமை தொழில்துறைக்குள் கூடியது. தலைவர் ஜோனதன். நாகர்கோவில்காரர், மூத்த பயிற்சியாளர், தலைக்கவசத்தில் பெயர் எழுதி வைத்திருக்கும் ஒரே மனிதர்.

"முதல்ல போன கூட்டத்து மினிட்ஸ பாஸ் பண்ணிருவோம்," என்றார் ஜோனதன்.

"இதுதானுங்ணா முதல் கூட்டம்," என்றான் கவின்.

"அப்போ போன கூட்டம் இல்லங்கிறத பாஸ் பண்ணுவோம்."

ஒருமனதாக நிறைவேறியது. வருகைப் பிரிவின் பிரவீனா கையை உயர்த்தினாள். மதுரைப் பெண்; எதையும் நேராகப் பேசுகிறவள்.

"இதுல கண்டறிய என்ன இருக்கு? நாங்க வருகை தயாரிக்கிறோம்."

"ஆளு தானா வருதுல்ல? நீங்க எங்க தயாரிச்சீங்க?" என்றது மதிப்பீட்டுப் பிரிவிலிருந்து ஒரு குரல்.

"நாங்க குறிக்கலேன்னா அவங்க வந்ததா யாரு சொல்லுவா? நேத்து நீ வந்திருந்த. நான் குறிக்கல. இப்ப சொல்லு, நீ நேத்து வந்தியா?"

குரலுக்கு உரியவன் வருகைப் பதிவேட்டை எட்டிப் பார்த்தான். "எனக்கே சந்தேகமா இருக்கு," என்றான்.

விவாதம் இந்த உயரத்திலேயே நீண்டது. முடிவில், தயாரிப்பு என்னவென்று கேட்பதே ஓர் அரிய திறன் என்பதைக் குழு கண்டறிந்தது. அன்று பிற்பகலே கவினுக்கு 'வினா எழுப்புதலில் தொழில்முறைச் சான்றிதழ்' வழங்கப்பட்டது. தலைக்கவசத்தோடு படமும் எடுத்தார்கள். அவனிடம் இப்போது கேள்வியும் இருந்தது, கேள்வி கேட்டதற்குச் சான்றிதழும் இருந்தது.

வியாழக்கிழமை மாலை கவின் நேர்முகத் தேர்வுக்குப் போட வேண்டிய சட்டையைத் துவைக்கக் கீழே டோபிக் கடைக்கு வந்தான். சட்டையை இயந்திரத்துக்குள் போட்டுவிட்டு, வட்டக் கண்ணாடிக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். உள்ளே தண்ணீர் ஏறியது, நுரைத்தது, பின்னாலிருந்த குழாய் வழியே வடிந்தது.

தண்ணீர் படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தொட்டியைப் பார்த்தாலும் அதற்குள் என்ன நடக்கிறது என்று தலையைவிட்டு எட்டிப்பார்க்க மாட்டார்கள். தொட்டியைச் சுற்றி மனத்தால் ஒரு கோடு போடுவார்கள். கோட்டைத் தாண்டி உள்ளே போவது எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு என்று மட்டும் பார்ப்பார்கள். போனதும் வந்ததும் சமமாக இருந்தால் தொட்டி சரியாக ஓடுகிறது. போனது அதிகம், வந்தது குறைவு என்றால் மிச்சம் உள்ளேயே நிற்கிறது. இவ்வளவுதான் கணக்கு. எளிமையான கணக்கு. பெரிய அணையும் இதில் அடங்கும், தேநீர்க் குவளையும் அடங்கும்.

கவின் மாடியைச் சுற்றி ஒரு கோடு போட்டான்.

அந்த நேரம் பார்த்து ஜோனதன் ஒரு வாளித் துணியோடு வந்தார்.

"நாளைக்கு இன்டர்வியூவா மக்ளே? டைரக்டர் ரொம்ப வருத்தப்பட்டாரு."

"ஏனுங்ணா, நீங்க எந்த பேட்ச்?"

"முதல் பேட்ச்."

கவின் நிமிர்ந்து உட்கார்ந்தான். "முதல் பேட்ச்சா? அப்ப எல்லாம் முடிச்சிருப்பீங்களே."

"எல்லாமே முடிச்சாச்சு. சிலத ரெண்டு தடவ முடிச்சேன். அதுக்கப்புறம் புதுசா வர்றவங்களுக்கு டிரெயினிங் குடுக்கறதுக்கு டிரெயினிங் எடுத்தேன். இப்ப சீனியர் இன்டர்ன். கூடிய சீக்கிரம் பிரின்சிபல் இன்டர்ன் ஆயிருவேன்."

"மாஸ்டர்ஸ்?"

"அதுக்குத்தானே ரெடியாயிட்டிருக்கேன்." ஜோனதன் துணிகளை ஒவ்வொன்றாக உள்ளே திணித்தார். "வீட்டுல மாஸ்டர்ஸே சேர்ந்துட்டேன்னு சொல்லியிருக்கேன். அம்மா சர்ச்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டா. இனி பேச்ச மாத்த முடியாது பாரு."

"உங்க பேட்ச்லருந்தோ அதுக்கப்புறமோ யாராச்சும் போனாங்களாணா?"

"சுகுமாறன்னு ஒருத்தன் போனான்."

"எந்த யூனிவர்சிட்டிங்ணா?"

"ஊருக்குப் போனான்."

இயந்திரம் நின்றது. கவின் சட்டையை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தான். சின்னக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. மாடியைப் பற்றி ஏன் குறையே எழுவதில்லை என்பதும் புரிந்தது: முதுகலை சேர்ந்துவிட்டதாக வீட்டில் சொன்னவர்கள் எப்படிக் குறை சொல்வார்கள்?

வெள்ளிக்கிழமை காலை அவன் புறப்படும்போது இயக்குநர் நடைவழியில் வழிமறித்தார். கையில் அட்டையில் அச்சடித்த பெயர்ப்பலகை. 'கவின், துணை இயக்குநர் (பயிற்சியில்)' என்று பொன்னிறத்தில் எழுதியிருந்தது.

"உன் திறமைய நான் கவனிச்சிட்டுத்தான் வரேன். தனி மேசை போட்டுத் தரேன். முழங்கை வச்சுக்கிற நாற்காலி. இன்னிக்கே உட்காரலாம்."

இதுவரை யாரும் அவன் பெயரைப் பொன்னிறத்தில் எழுதியதில்லை. ஒரு நொடி கவின் பலகையைப் பார்த்தான். ஊருக்குப் படம் எடுத்து அனுப்பினால் எப்படி இருக்கும் என்றுகூட நினைத்தான். பிறகு சட்டைக் காலரில் மிச்சமிருந்த ஈரம் கழுத்தில் பட்டது. "போயிட்டு வந்து உட்கார்றேனுங்க சார்," என்று சொல்லிவிட்டு வேகமாகப் படி இறங்கினான். வேகத்தில் பெஞ்சின் கீழே கைக்கு அகப்பட்டதை மாட்டிக்கொண்டு போனான். வாடகைக் காரில் ஏறிய பிறகுதான் காலில் இருப்பது பாதுகாப்பு பூட்ஸ் என்று தெரிந்தது.

நேர்முகத் தேர்வில் பேராசிரியர் கத்தரின் முதலில் அந்த பூட்ஸைத்தான் பார்த்தார். பத்து பாகாட்டில் பிறந்து, மலேசியச் சாக்கடைகள் பலவற்றுக்குள் இறங்கி ஏறியவர். ஆங்கிலத்தில் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டு முடித்த பிறகு தமிழுக்கு வந்தார்.

"பூட்ஸ் நல்லா இருக்கு தம்பி. மண்ணே ஒட்டலையே?"

"மண்ணுல வேலை இல்லைங்க மேடம்."

"அப்ப எதுல வேலை? உன் ஃபைலப் பார்த்தேன். இவ்ளோ சர்டிஃபிகேட் நான் யார்கிட்டயும் பார்த்ததில்ல. அதனாலதான் அந்தக் கேள்வியே போட்டேன். இந்தக் கம்பெனி என்ன செய்யுது?"

கவின் மூச்சை இழுத்துக்கொண்டான். பொய் சொல்லவும் ஒரு பாதை இருந்தது. 'தலைமைத்துவம்', 'தொடர்பாற்றல்' என்று ஐந்து நிமிடம் ஓட்டிவிடலாம். அதற்குரிய சான்றிதழும் அவனிடம் இருந்தது.

"மேடம், நான் அதச் சுத்தி ஒரு கோடு போட்டுப் பார்த்தேனுங்க. உள்ள வர்றது ஸ்டூடண்ட்ஸ். வருஷா வருஷம் வர்றாங்க. உள்ள ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கறோம், ஒருத்தருக்கு ஒருத்தர் சர்டிஃபிகேட் குடுத்துக்கறோம். வெளிய மாஸ்டர்ஸ்க்குப் போனது இதுவரைக்கும் ஒருத்தரும் இல்லைங்க. அப்ப வந்தது அத்தனையும் உள்ளயே நிக்குது. அந்தக் கம்பெனி எதுவும் தயாரிக்கலைங்க மேடம். அது தேங்குது. அதுல என் பங்கு, நானும் தேங்கினேன்."

பேராசிரியர் கத்தரின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்க ஊருல பூந்தொட்டிக்கு அடியில கொஞ்சம் தண்ணி தேங்கினாலே கொசு ஆபீசர் வந்து சம்மன் போட்டுருவாரு. ஆளுங்க தேங்கினா சர்டிஃபிகேட்டா?" கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஒண்ணு கேக்குறேன். இதெல்லாம் எதுக்குப் படிச்ச? நாங்க கேக்கவே இல்லையே."

"கேக்கலைங்களா?"

"டிகிரி, மார்க்கு, இங்கிலீஷ் டெஸ்ட். அவ்ளோதான். உங்க வீட்டுலேர்ந்தே போட்டிருக்கலாம்."

கவின் குனிந்து பூட்ஸைப் பார்த்தான்.

இடம் கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு சிக்கல் பாக்கி. வெளிநாட்டு மாணவன் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற வேண்டுமானால், பழைய இடம் விடுவிப்புக் கடிதம் தர வேண்டும். அது இல்லாவிட்டால் மாணவர் விசா மாறாது. கடிதம் தர வேண்டியவர் டாக்டர் சதாசிவம்.

"பாஸ் ஏதாச்சும் கோவமா இருக்காராங்க்கா?" என்று லோஷினியிடம் கேட்டான்.

"கோவமா? பேனர் அடிக்கச் சொல்லியாச்சு. உன் மூஞ்சிதான், கதவு சைஸுக்கு. கடிதத்த மேடையில வச்சு, போட்டோ எடுத்துக்கிட்டுத்தான் கொடுப்பாராம். அப்புறம் நீ நாலு வார்த்தை பேசணும். கடிதத்த முதல்ல பாக்கெட்ல வச்சுட்டுப் பேசு, கேட்டியா?"

லோஷினி இதைச் சொன்னபோது கணினியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழா கல்விப் பக்கத்தில் நடந்தது. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ஜோனதன், பக்கத்தில் பிரவீனா, வருகை குறித்து முடித்த களைப்போடு. டாக்டர் சதாசிவம் உணர்ச்சி பொங்கப் பேசினார்.

"மெரிடியன் என்ன தயாரிக்கிறது என்று கேட்டார்கள். இதோ நிற்கிறது தயாரிப்பு. இவன் தும்மினான் என்று சிலர் சொல்லலாம். எவ்வளவோ மையங்களில் எத்தனையோ பேர் தும்முகிறார்கள். இங்கே தும்மியவனுக்குத்தான் இடம் கிடைத்தது. காரணம் ஆயத்தம். இந்த வெற்றியின் அடிப்படையில், அடுத்த மாதம் முதல் 'நேரடி விண்ணப்பத்தில் உயர்நிலைத் தொழில்முறைச் சான்றிதழ்' தொடங்குகிறோம். எதிர் அறையில் அதற்குரிய பயிற்சியும் உண்டு."

கைதட்டல் அடங்கப் பல நொடிகள் ஆயின. கடிதம் கை மாறியது. படம் எடுத்தார்கள். வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு படம் எடுத்தார்கள். கவின் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தான் போட்டான். பிறகு ஒலிவாங்கியை வாங்கினான்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. மெரிடியன்ல எனக்கு எல்லாமே சொல்லிக் குடுத்தாங்க. தலைமைத்துவம் சொல்லிக் குடுத்தாங்க, தன்னம்பிக்கை சொல்லிக் குடுத்தாங்க, தலைக்கவசம் எப்படிக் கட்டறதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. நன்றிங்க. மாஸ்டர்ஸ் எப்படிச் சேர்றதுங்கறது மட்டும் பாடத்துல விட்டுப்போச்சு. அத மட்டும் சொல்லிட்டு உட்கார்ந்துக்கறேன்."

டாக்டர் சதாசிவம் புன்னகையோடு தலையாட்டினார். ஜோனதன் தலைநிமிர்ந்தார்.

"டிகிரி சர்டிஃபிகேட், மார்க் ஷீட், இங்கிலீஷ் டெஸ்ட் மார்க். இந்த மூணையும் வச்சு நேரா யூனிவர்சிட்டிக்கே விண்ணப்பம் போடணும். நடுவுல யாரும் வேண்டாம்."